ஃபார்மேட் பண்ணாமலே சரியாகும்

கேள்வி: 2015 வாக்கில் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் அப்டேட் நின்றுவிட்டது என்று பேரன் லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூரு போய்விட்டான். மருமகள் டாலியில் கணக்கு எழுதுவதால் விண்டோஸையும் அழிக்கவில்லை. இப்போது மூன்று தொல்லை. விண்டோஸில் மணி தப்பாகக் காட்டுகிறது. திருத்தினாலும் அடுத்த நாள் பழையபடி ஆகிவிடுகிறது. மின்டில் ‘டி’ டிரைவைத் திறந்தால் ஃபைல்கள் தெரிகின்றன, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. வைஃபை அறவே இல்லை. கடைக்காரர், “மொத்தமா ஃபார்மேட் பண்ணிடலாம் சார்” என்கிறார். செய்யலாமா?
(ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தேவகோட்டை)

பதில்: வேண்டாம் ஐயா. என் தொழிலில் இருக்கும் பலருக்கு எந்த நோய்க்கும் அந்த ஒரே மருந்துதான். உங்கள் மூன்று தொல்லையில் ஒன்றுகூட ஃபார்மேட் அளவுக்குப் பெரியதில்லை. அதிலும் இரண்டு, லினக்ஸின் கோளாறே இல்லை. ஒரே பெட்டியில் இரண்டு சிஸ்டம் குடியிருப்பதால் வரும் தகராறு.

முதலில் மணி. எவ்வளவு தப்பு என்று நீங்கள் எழுதவில்லை. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். காலை பத்துக்குத் திறந்தால் நாலரை என்று காட்டும், சரிதானே? மதர்போர்டில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் உள்ளது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் நம் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்கிறது. அடுத்து விண்டோஸைத் திறந்தால் அது கூட்டாமல் அப்படியே காட்டிவிடும். (இதே லேப்டாப் குளிர்காலத்தில் லண்டனில் இருந்தால் இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது.)

மின்டில் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) திறந்து, போனில் சொல்வதுபோல நான் சொல்வதை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்: டைம்டேட்சிடிஎல், ஓர் இடைவெளி, செட் ஹைஃபன் லோக்கல் ஹைஃபன் ஆர்டிசி, இன்னோர் இடைவெளி, 1. பாஸ்வேர்டு கேட்டால் கொடுங்கள். அப்புறம் விண்டோஸில் போய் மணியை ஒரே ஒரு தடவை திருத்திவிடுங்கள், அவ்வளவுதான். இந்த அமைப்பு நல்லதல்ல என்று மின்டில் எங்காவது எச்சரிக்கை கண்ணில் பட்டால் பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் கோடைக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணி என்று கடிகாரத்தை மாற்றும் நாடுகளின் கவலை. ஐந்தரை மணி கணக்கு ஒத்துவராமல், தேதியே பல வருடம் பின்னால் போகிறதென்றால் அது வேறு விஷயம்: உள்ளே இருக்கும் மூன்று வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றினால் போதும்.

அடுத்து ‘டி’ டிரைவ். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி வேலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே புகுந்து எதையாவது எழுதினால் ஃபைல்கள் சிதைந்துபோகலாம். அதனால்தான் மின்ட், பார்க்கலாம், தொடக் கூடாது என்று நிறுத்திவைக்கிறது. அது உங்களுக்குச் செய்யும் உபகாரம்!

விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போங்கள். பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில், ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் மங்கலாக இருந்தால், மேலே சின்னதாக ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும், அதை முதலில் அழுத்த வேண்டும். பிறகு ஷட்டவுன் செய்து மின்டுக்கு வாருங்கள். இன்றைக்கே அவசரம் என்றால் ஒரு குறுக்குவழி: விண்டோஸில் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, அப்படியே மின்டைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் உண்மையாகவே முழுதும் அணைகிறது. ‘டி’ டிரைவை வலுக்கட்டாயமாகத் திறக்கும் கட்டளை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். மருமகளின் கணக்கு அதில்தானே இருக்கிறது?

வைஃபை மட்டும்தான் உண்மையில் லினக்ஸ் பக்கத்து வேலை. அறவே இல்லை என்கிறீர்கள். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் பலவற்றுக்கு அந்த நிறுவனத்தின் டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருள்) தனியாகப் போட வேண்டும். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று திகைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜ் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். போன் நெட்டே லேப்டாப்புக்கும் வந்துவிடும். பிறகு மெனுவில் ‘டிரைவர் மேனேஜர்’. அது காட்டும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். லேப்டாப்பில் ‘செக்யூர் பூட்’ (நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் காவல்) இயங்கிக்கொண்டிருந்தால், நிறுவும்போதே ஒரு புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத் திரை வந்து பத்து விநாடிதான் காத்திருக்கும். ஏதாவது ஒரு கீயை அழுத்தி, ‘என்ரோல் எம்ஓகே’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று போய் அந்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். ஏதோ எர்ரர் என்று நினைத்து அந்தத் திரையைத் தாண்டிவிட்டால் டிரைவர் இருந்தும் வேலை செய்யாது.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் கீபோர்டு பட்டியலிலேயே தமிழ்99 இருந்தது, சேர்த்துவிட்டேன். ஆனால் ‘பக்கம்’ என்று அடிக்க ககர மெய்க்குப் புள்ளியை நானே தனியாக வைக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸில் தானாக விழுமே?
(டிடிபி வேலை செய்பவர், சிவகாசி)

பதில்: நீங்கள் சேர்த்தது வெறும் கீ அமைப்பு. ஒரு கீக்கு ஓர் எழுத்து என்பதோடு அதன் வேலை முடிந்தது. முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதை நீக்கிவிட்டு, ‘ஐபஸ் எம்17என்’ என்ற பேக்கேஜை நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். இப்போது பட்டியலில் எம்17என் என்ற குறிப்போடு இன்னொரு தமிழ்99 இருக்கும். அதில் க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல்களுக்கு இது உதவாது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: மின்ட் போட்டு முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரைதான். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பிசி.
(கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டினால் கிரப் மெனு (எந்த சிஸ்டத்தைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல்) வரும். மின்ட் வரியில் நின்று ஆங்கில ‘இ’ (எடிட் என்பதன் முதல் எழுத்து) கீயை அழுத்துங்கள். ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்று ஒரு வரி முடியும். அதன் பின்னால் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்து எஃப்10. படம் வந்துவிடும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். அதனால் வந்த கையோடு டிரைவர் மேனேஜரில் என்விடியா டிரைவரை, ‘ரெக்கமண்டெட்’ என்று போட்டிருப்பதையே, நிறுவிவிடுங்கள்.