காஞ்சிப் பட்டு: புரட்டிப் பார்த்து வாங்குங்க

காஞ்சிபுரத்துத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் பட்டு எடுக்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணா, பொண்ணு கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கணும். "சில்க் மார்க் இருக்கும்மா, அப்புறம் என்ன, கைத்தறிதான்"னு கடையில சொல்றாங்க. நம்பலாமா?

பட்டு என்பதை நம்பலாம்மா. கைத்தறி என்பதை அந்தச் சீட்டை வைத்து நம்பாதீங்க. மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க், நூல் சுத்தப் பட்டா என்பதை மட்டும்தான் சொல்லும். விசைத்தறியில் ஓட்டிய புடவைக்கும் அதை முறையாகவே ஒட்டலாம். ஜரிகையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கைத்தறிக்கு 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனி. காஞ்சிப் பட்டுக்கான புவிசார் குறியீடு தனி. எது எதுக்கு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க.

கேள்வி: கோர்வை, பெட்னினு சொல்லி விலையை ஏத்துறாங்களே, நிஜமாவே அவ்வளவு வேலையா?

இருக்குங்க. காஞ்சிப் புடவையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். அதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பச்சை உடல், அரக்குக் கரை என்று வைத்துக்கொள்ளுங்க. சாதாரணமாக நெய்தால் ஒரே நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். கரைக்குள்ளும் பச்சை ஊடை (குறுக்கு நூல்) புகுந்து அரக்கை மங்கடிக்கும். கோர்வை என்பது கரையையும் உடலையும் தனித்தனி ஊடையில் நெய்து கோப்பது. அதில் மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. கரை ஊடையும் உடல் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு திரும்பணும். ஒரு கரை நாடாவைப் போட நெய்பவர் பக்கத்திலேயே இன்னொருவர் உட்காரணும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் உட்காருவாங்க. கூலி பேசும்போது அந்த இரண்டாவது ஆளின் உழைப்பு பல இடங்களில் கணக்கிலேயே வராது. எனக்கு இது தீராத வருத்தம்.

கடையில் புடவையைப் புரட்டி, கரை சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்க. லேசாகத் தடிப்பு தட்டுப்படும், கோத்த நூல் கண்ணுக்குத் தெரியும். கரையின் நிறம் கலப்பில்லாமல் அழுத்தமாக நிற்கும்.

பெட்னி என்பது முந்தியை இணைப்பது. உடல் பாவோடு, அதாவது நீளவாக்கு நூலோடு, முந்தி நிறத்துப் புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்து, இரண்டையும் கொஞ்ச தூரம் சேர்த்தே நெய்து, பிறகு பழைய பாவை வெட்டிவிடுவாங்க. அதனால் முந்தி தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு பட்டை மட்டும் தடிமனாக இருக்கும். முந்திக் குஞ்சத்தையும் பாருங்க. அது பாவின் நுனி. குஞ்சத்தில் உடல் நிறம் தெரிந்தால் பாவு மாறவே இல்லை, அங்கே பெட்னிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஜரிகையைச் சுரண்டினா சிவப்பு நூல் தெரியணுமாமே?

நல்ல ஜரிகையில் சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியிருக்கும். ஆனால் போலி ஜரிகைக்கும் சிவப்பு நூல் போட எத்தனை நேரமாகும்? எக்ஸ்-கதிரால் உலோகத்தை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்தால் புடவைக்குச் சேதமில்லாமல் வெள்ளி, தங்க அளவு தெரிந்துவிடும். கூட்டுறவுச் சங்கப் புடவைகளுக்கான அரசுக் கணக்கு வெள்ளி 40 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம், மீதி செம்பும் பட்டும். தங்கம் இவ்வளவுதானா என்று மலைக்காதீங்க, அது முலாம்தான். எந்த ஜரிகை என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்க.

கேள்வி: அவ்வளவு பணம் இல்லைங்க. ஆரணிப் பட்டு எடுக்கலாமா?

தாராளமா. எடை குறைவு, நாள் முழுக்கக் கட்டியிருக்கலாம். திருபுவனம் பட்டும் பாருங்க, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, அதன் விசிறி மடிப்பே தனி அழகு. காஞ்சிதான் வேணும்னா ஜரிகையைக் குறைத்துக்கொண்டு கோர்வையை விடாதீங்க. கட்டம் போட்ட உடலும் சின்னக் கரையுமாக அருமையான புடவைகள் கிடைக்கும்.

கேள்வி: பாட்டியோட கூறைப்புடவை மடிப்புல விட்டுப்போச்சு. எடைக்குப் போட்டுடலாமா?

வேண்டாம்மா. எடைக்கு வாங்குகிறவர் வெள்ளிக்குத்தான் காசு தருவார், நெசவுக்கு இல்லை. உடல் நைந்தாலும் கரையும் முந்தியும் பல நேரம் உறுதியாகவே இருக்கும். பிரித்தெடுத்து வேறு பட்டில் வைத்துத் தைக்கலாம். பேத்திக்குப் பாவாடைக் கரையாகவும் போடலாம்.

கேள்வி: மடிப்பு விடாம எப்படி வைக்கிறது? வேர்வைக் கறைக்கு என்ன பண்றது?

பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்க. பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்க. ஜரிகைமேல் சென்ட் அடிக்காதீங்க, அந்துருண்டை படவும் விடாதீங்க. கட்டி அவிழ்த்ததும் அப்படியே பீரோவில் வைக்காமல் நிழலில் காற்றாட விடுங்க. வேர்வைக் கறையைத் தேய்க்காதீங்க. அக்குள் பக்கம் ரவிக்கையில்தான் அதிகம் படியும் என்பதால், ரவிக்கைக்கு உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்துவிடுங்க. புடவையில் பட்டுவிட்டால் அன்றைக்கே உலர்சலவைக்குக் கொடுத்துடுங்க.