ஆஸ்கர் விருது யாருக்கு என்று முன்கூட்டியே எப்படிக் கணிக்கிறீர்கள்?

படம் எனக்குப் பிடித்ததா என்பதை முதலில் ஓரங்கட்டிவிடுவேன். ஓட்டுப் போடுபவர்கள் விமர்சகர்கள் இல்லை, சினிமாவில் வேலை செய்பவர்கள். அவர்களில் பலர் இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் சங்கங்களிலும் இருக்கிறார்கள். அந்தச் சங்கங்களின் விருதுகள் பெரும்பாலும் ஆஸ்கருக்கு முன்பே வந்துவிடும். சிறந்த இயக்குநருக்கு இயக்குநர் சங்க விருதைப் பார்த்தாலே அநேகமாகப் போதும்.

சிக்கல் சிறந்த படத்தில்தான். மற்ற பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். இதில் மட்டும் படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். எந்தப் படமும் முதலிட ஓட்டுகளில் பாதியைத் தாண்டாவிட்டால், அதில் கடைசியாக இருக்கும் படத்தை நீக்கி, அதற்கு விழுந்த சீட்டுகளை அவற்றில் அடுத்ததாக இருக்கும் படத்துக்குக் கொடுப்பார்கள். ஆகவே, சிலர் தலையில் தூக்கி வைத்து ஆடும் படத்தைவிடப் பலருக்கு 2-ஆவதாகவோ 3-ஆவதாகவோ பிடித்த படம் முந்தலாம்.

2022-இல் ஜெயித்த 'கோடா'வுக்கு இருந்தது வெறும் 3 பரிந்துரைகள். எதிரே 'தி பவர் ஆஃப் த டாக்' 12 வைத்திருந்தது. ஆனால் தயாரிப்பாளர் சங்கம் 'கோடா'வைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. அங்கேயும் இதே வரிசை முறைதான். அதற்காக அதையே நம்பிவிடாதீர்கள்: 2020-இல் அந்தச் சங்கம் '1917' என்றது, ஆஸ்கர் 'பாரசைட்'டுக்குப் போனது. அன்று நானும் '1917' என்றுதான் அடித்துச் சொல்லியிருந்தேன்!