25-ஆம் தேதிதான் ஆரம்பம்: கிறிஸ்துமஸ் கேள்வி பதில்

முப்பது வருடம் எங்கள் பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தவன் நான். இந்த டிசம்பரில் நம் டெல்டா மக்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கும்பகோணத்துச் சகோதரி: ஜவுளிக்கடை, பலகாரம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று மாதம் ஓடிவிடுகிறது. 24 ராத்திரிப் பூசையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன் ஐயா.

அம்மா, தூங்கியதற்காக வருத்தப்படாதீர்கள். கடைக்காரருக்குக் கிறிஸ்துமஸ் 25-ஆம் தேதியோடு முடிகிறது. திருச்சபைக்கு அன்றுதான் ஆரம்பம். அதற்கு முந்தைய நான்கு ஞாயிறும் திருவருகைக் காலம், அதாவது காத்திருக்கும் காலம். சாமியார் ஊதா உடை போடுவதும், ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடாமல் விடுவதும் அதனால்தான். மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6. அதுவரை நாள் கிடக்கிறதே! அச்சு முறுக்கை மட்டும் முன்னதாகச் சுட்டு வையுங்கள். அதிரசத்துக்கு 27-ஆம் தேதி பாகு காய்ச்சினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 24 மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்து எழுந்திருங்கள்.

மன்னார்குடி பக்கத்து விவசாயி: சம்பா அறுப்பு தையில்தான். டிசம்பரில் பயிர் வயலில் நிற்கும், கையில் காசு இருக்காது. பிள்ளைகள் துணிமணிக்காக வருடா வருடம் நகையை அடகு வைக்கிறேன். புதுத்துணி இல்லாமல் கோவிலுக்குப் போனால் கேவலமாக இருக்கிறது.

தம்பி, உங்கள் கேள்விதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. லூக்கா 2-ஆம் அதிகாரம் மாட்டுத்தொழுவத்தோடு முடிவதில்லை. பிறகு குழந்தையை எருசலேம் கோவிலுக்குத் தூக்கிப் போகிறார்கள். முறைப்படி ஓர் ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும். வசதி இல்லாதவர்கள் இரண்டு புறா கொடுத்தால் போதும் என்று லேவியர் நூல் 12-ஆம் அதிகாரம் வழிவிடுகிறது. யோசேப்பும் மரியாவும் கொடுத்தது ஏழைகளின் அந்தக் காணிக்கையைத்தான். மறைக்காமல், எல்லோர் கண்முன்னும்தான் கொடுத்தார்கள். அதில் அவர்களுக்குக் கேவலம் இல்லை.

அந்த விழாவை நாம் பிப்ரவரி 2-ஆம் தேதி கொண்டாடுகிறோம். அதற்குள் உங்கள் நெல் களத்துக்கு வந்திருக்கும். புதுத்துணியை அன்றைக்கு எடுத்துக் கொடுங்கள், காரணத்தையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 25-ஆம் தேதிக்குத் துவைத்துத் தேய்த்த சட்டை போதும். நகை வீட்டில் இருக்கட்டும்.

தஞ்சாவூர்த் தாய் ஒருவர்: பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாதான் தெரிகிறது, இயேசுவைத் தெரியவில்லை.

தாத்தாவை விரட்ட வேண்டாம். அவருக்கு மூலம் மீரா நகர ஆயர் புனித நிக்கோலாஸ். திருநாள் டிசம்பர் 6. பரிசை அன்றே கொடுத்து அவர் கதையைச் சொல்லிவிடுங்கள். 25 குழந்தை இயேசுவுக்கு.

திருக்காட்டுப்பள்ளி இளைஞர்: குடில் போட்டிக்காக சீரியல் லைட், அருவிக்கு மோட்டார் என்று வசூல் எகிறுகிறது.

1223-இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது வைத்தவை தீவனத்தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை. ஆண்டவர் எவ்வளவு ஏழையாக வந்தார் என்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் 15-ஆம் தேதி வாக்கில் பழைய தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவுவோம். தினமும் கையால் தண்ணீர் தெளிப்பது கடைக்குட்டியின் வேலை. முதலில் வெள்ளையாக ஒரு நூல் எட்டிப் பார்க்கும், 24 அன்று பச்சைப் புல்லாக நிற்கும். தீவனத்தொட்டி அதுவரை காலிதான். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் அதில் ஒரு வைக்கோல் போடலாம். நடுராத்திரிதான் குழந்தையைக் கிடத்துவோம். மோட்டார் காசில் தெருவில் முடியாமல் கிடப்பவருக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள் தம்பி.

நாகப்பட்டினம் சகோதரர்: 2004 சுனாமியில் அம்மா போய்விட்டார். 25 அன்று எல்லோரும் சிரிக்கும்போது எனக்கு மறுநாள் ஞாபகம்தான் வருகிறது.

வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்காக வந்த யாத்திரிகர்களும் அந்த 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை அலையில்தான் போனார்கள். உங்கள் துக்கம் கிறிஸ்துமஸுக்கு அந்நியமானதல்ல, ஐயா. டிசம்பர் 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் திருநாள். 28 ஏரோது ராஜா கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே திருச்சபை அழுகைக்கும் இடம் வைத்திருக்கிறது. நீங்கள் சிரித்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குடிலில் அம்மாவுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். 26 காலைப் பூசையில் அவருக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பெயரைக் கொடுங்கள். 25 அன்று யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். நடுவில் எழுந்து வரவேண்டும் போலிருந்தால் வந்துவிடுங்கள்.