வாசகர் கேள்வி–பதில்: ஜனவரிக் குளிரில் மராத்தான் பயிற்சி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓட்டத்தைப் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். லண்டன் மராத்தான் ஏப்ரல் கடைசியில் வருகிறது, பதினாறு வாரப் பயிற்சி என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால் புத்தாண்டு முடிந்த கையோடு தொடங்கியாக வேண்டும், அதாவது வருடத்திலேயே வெளியே போகப் பிடிக்காத நாட்களில். நான் பயிற்சியாளன் இல்லை, டாக்டரும் இல்லை. இரண்டு குளிர்காலம் இந்த ஊரில் ஓடி, நன்கொடை திரட்டி, செய்யக்கூடாத தப்புகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்தவன். அந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மராத்தானில் ஓட ஆள் எடுக்கும் குலுக்கலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்காக நடக்கும் ஒரு தொண்டு நிறுவனம் இடம் தந்திருக்கிறது, 2,000 பவுண்டு திரட்டித் தரவேண்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வாழ்க்கையில் ஓடியதே இல்லை. இப்போது ஆரம்பித்தால் முடியுமா? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

குலுக்கலில் கிடைக்காததற்கு வருத்தப்படாதீர்கள். 2026 பந்தயத்துக்கு 11 லட்சம் பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள்.

முடியுமா என்றால், 42.195 கிலோமீட்டரையும் ஓடியே முடிப்பது என்றால் பதினாறு வாரம் உங்களுக்குக் குறைவுதான், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓடி, நடந்து, ஓடி, நடந்து முடிப்பது என்றால் முடியும். முதல் மாதம் வாரம் மூன்று நாள் போதும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி அரை மணி நேரம். ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும், மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இந்த வேகம்தான், நம்மை யாரோ பார்க்கிறார்கள் என்று நினைத்து ஓடுவது. ஜனவரி இருட்டில் யாரும் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு உங்கள் பக்கத்துப் பூங்கா எதிலாவது ‘பார்க்ரன்’ நடக்கும். 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தே முடிப்பவர்களும் உண்டு. 2004இல் புஷி பார்க்கில் பதிமூன்று பேர் ஓடித் தொடங்கியது, இன்று உலகமெங்கும் நடக்கிறது. தனியாக ஓடத் தயக்கமாக இருந்தால் அங்கே ஆரம்பியுங்கள்.

அப்புறம், உங்களுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டில் வசித்த ஃபௌஜா சிங்கைத் தெரிந்திருக்கும். 2000இல் தன் முதல் லண்டன் மராத்தானை ஓடும்போது அவர் வயது பாஸ்போர்ட் கணக்கில் 89. முடிக்க ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆனது. அந்த ஏழு மணி நேரத்தைக் குறைவாகப் பேசியவர் யாரும் இல்லை.

கேள்வி: காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கிறது, கால் போர்வையை விட்டு வர மறுக்கிறது. மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய மங்கி குல்லா, இரண்டு ஸ்வெட்டர் எல்லாம் போட்டு ஓடலாமா? (வாசகர், வெம்பிளி)

மங்கி குல்லா இருக்கட்டும், ஸ்வெட்டர் வேண்டாம்.

வெளியே 3 டிகிரி என்றால் 13 டிகிரிக்கு உடுத்துவது போல உடுத்துங்கள். பத்து நிமிடத்தில் உடம்பே அடுப்பு மாதிரி சூடாகிவிடும். வாசலைத் தாண்டும்போது லேசாக நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள், கதகதப்பாக இருந்தால் மூன்றாவது கிலோமீட்டரில் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவீர்கள். பருத்தி பனியன் கூடவே கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி அருமை, ஆனால் வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே ஈரமாக உடம்போடு ஒட்டிக்கொள்ளும், இங்கே காற்று அடித்ததும் அந்த ஈரம்தான் குளிரைக் கொண்டுவரும். பாலியெஸ்டர் ஓட்டச் சட்டை அல்லது மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை ஒன்று, அதன் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். காசு குறைவாக இருந்தால் முதலில் வாங்கவேண்டியது கையுறை, சூடேறியதும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். உராயும் இடங்களில் வாசலின் தடவ மறக்காதீர்கள், ஆண்கள் மார்பிலும்தான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சட்டையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

போர்வை விஷயத்துக்கு வருகிறேன். காலையில் மனதோடு பேச்சுவார்த்தை நடத்தினால் மனம்தான் ஜெயிக்கும், எனக்கும் அப்படித்தான். அதனால் முதல் நாள் இரவே உடுப்பை ரேடியேட்டர் மேல் போட்டுவிடுங்கள், ஷூவை வாசலில் வையுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். எழுந்தால் சூடான சட்டை கிடைக்கும் என்பது கொஞ்சம் லஞ்சம் மாதிரி, ஆனால் வேலை செய்யும்.

ஆறு மணிக்கேதான் ஓடவேண்டும் என்பதும் இல்லை. ஜனவரித் தொடக்கத்தில் லண்டனில் சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் உதிக்கும், மாலை நான்கு மணி வாக்கில் மறைந்துவிடும், ஆக அலுவலகம் போகிறவருக்கு வார நாளில் வெளிச்சம் கிடைப்பது மதிய இடைவேளையில் மட்டும்தான். வாரம் ஒரு நாள் அந்த நேரத்தில் நாற்பது நிமிடம் ஓடிப் பாருங்கள். இன்னொரு நாள் வேலை முடிந்து வரும்போது இரண்டு மூன்று ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி ஓடி வீட்டுக்கு வாருங்கள். வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு ஓடலாம் என்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. இருட்டில் ஓடும்போது ஒளி பிரதிபலிக்கும் மேற்சட்டையும் தலையில் கட்டும் சின்ன விளக்கும் வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் வலது பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள்.

கேள்வி: உறைபனி நாட்களில் என்ன செய்வது? (வாசகர், குராய்டன்)

ஓடாதீர்கள். தார்ச்சாலையின் மேல் கண்ணாடி மாதிரி படியும் பனிக்கட்டி கண்ணுக்கே தெரியாது, அதில் மணிக்கட்டு உடைந்தால் ஆறு வாரம் போய்விடும். புதுப் பனி மெத்தென்று இருந்தால் புல்வெளியில் மெதுவாகப் போகலாம். இல்லையென்றால் ஜிம் டிரெட்மில், சரிவை 1 சதவீதம் ஏற்றிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டு மாடிப்படி.

கேள்வி: வயது 52, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். குளிர்காற்றில் ஓடும்போது நெஞ்சு இறுக்குகிறது. குளிரால்தானே? (வாசகர், ஹாரோ)

குளிராலும் இருக்கலாம், இதயத்தாலும் இருக்கலாம். கடிதத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது, நீங்களாகவே முடிவு செய்யவும் கூடாது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயத்துக்கு வேலை கூடும், அதோடு தெற்காசியர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். டாக்டரைப் பார்க்கும்வரை ஓட்டம் வேண்டாம். ஓய்வாக இருக்கும்போதே இறுக்கினாலோ, கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் 999 கூப்பிடுங்கள்.

இதயம் நன்றாக இருக்கிறது என்று வந்தால், குளிர்காற்றால் மூச்சுக்குழாய் சுருங்குகிற ஆஸ்துமா வகையா என்று கேளுங்கள். கழுத்துத் துணியை வாய்க்கு மேல் இழுத்துவிட்டு ஓடினாலே பலருக்குச் சரியாகும், சிலருக்கு இன்ஹேலர் தேவைப்படும். என்ன மாத்திரை என்பதையும் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஓட்டத்தில் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம், கிளிக்லசைடு அல்லது இன்சுலின் என்றால் இறங்கும், நடுக்கம் வந்தால் அது குளிரா, சர்க்கரை குறைவா என்றே தெரியாது. பையில் குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் இருக்கட்டும்.

எல்லோருக்கும் ஒன்று: இங்கே அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம்வரை தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அரசு சுகாதாரத் துறை. நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்க எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது.

கேள்வி: சுத்த சைவம். ஓட்டக்காரர்கள் சாப்பிடும் ஜெல் எனக்குக் குமட்டுகிறது. இட்லி சாப்பிட்டு ஓடலாமா? (வாசகி, டூட்டிங்)

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் மூன்று இட்லி, தொட்டுக்கொள்ள சர்க்கரை அல்லது தேன். சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் திரும்பி வந்த பிறகு. பருப்பும் கொழுப்பும் வயிற்றில் நின்று வேலை காட்டும், நடுவழியில் கழிப்பறை தேடி ஓடுவது எந்தப் பயிற்சித் திட்டத்திலும் இல்லை.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாளில் வழியிலும் சாப்பிடவேண்டும், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. ஒரு ஜெல்லில் இருபது, இருபத்தைந்து கிராம் இருக்கும். பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் மூன்று கொட்டை நீக்கி எடுத்துப்போனால் கிட்டத்தட்ட 50 கிராம் ஆகிவிடும். கடலை மிட்டாய் வேண்டாம், குளிரில் கல்லாகிவிடும், பல் போகும். தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை பலருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீரும், லண்டன் பாதையில் அது கேனரி வார்ஃப் கோபுரங்களுக்கு நடுவே. அங்கே கால் நின்றுபோனவர்களைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். எதைச் சாப்பிடுவதானாலும் பிப்ரவரியிலேயே சாப்பிட்டுப் பழகுங்கள், பந்தய நாளில் புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள்.

சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கத்தையும் விடுங்கள், உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும். சைவம் சாப்பிட்டு ஓடுகிற பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜம். களைப்பு தீரவே இல்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஓடுவதைவிடக் காசு கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. “நீ ஓடுறதுக்கு நான் எதுக்குக் காசு தரணும்?” என்கிறார் சித்தப்பா. (வாசகர், நியூ மால்டன்)

சித்தப்பா கேட்பது நியாயமான கேள்வி. மராத்தானுக்காகக் காசு கேட்டால் அவருக்கு உங்கள் பொழுதுபோக்குக்குக் கேட்பது போல இருக்கும். நேர்த்திக்கடன் என்று சொல்லிப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிறவரைப் பார்த்து ஏன் பஸ்ஸில் போகவில்லை என்று நம்மில் யாரும் கேட்பதில்லை, வழியில் நின்று மோரும் சுக்குக் காபியும் கொடுக்கிறோம். இதுவும் நடைதான், வேண்டுதல் மட்டும் யாரோ ஒரு நோயாளிக்காக. நான் என் பெரியம்மாவிடம் இப்படிச் சொன்னபோது, “அப்ப விரதம் இருப்பியா?” என்று கேட்டுவிட்டு 50 பவுண்டு கொடுத்தார். எல்லோரும் கொடுப்பார்கள் என்று சொல்லவில்லை, கேள்வி மாறும்.

நடைமுறையில் சில விஷயங்கள். நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டால் எல்லோரும் கைகூப்புவார்கள், யாரும் காசு போடமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி எழுதுங்கள், அதுவும் மாதக் கடைசியில் சம்பளம் வந்த பிறகு. முதல் நன்கொடையை உங்களிடம் தாராளமாக இருக்கக்கூடிய ஒருவரிடம் வாங்குங்கள். இணையத்தில் உங்கள் நன்கொடைப் பக்கத்தைத் திறந்ததும் முதலில் 5 பவுண்டு தெரிந்தால் அடுத்தவரும் ஐந்துதான் போடுவார். அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மசால் தோசை சுட்டு விற்றால் நல்ல தொகை வரும், திரட்டுகிற தொகைக்குச் சமமாகத் தானும் தருகிற நிறுவனங்கள் உண்டு, உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். இங்கே வரி கட்டுகிறவர் ‘கிஃப்ட் எய்ட்’ (நன்கொடைக்குக் கட்டிய வரியை அரசு தொண்டு நிறுவனத்துக்குத் தரும் ஏற்பாடு) கட்டத்தில் குறி போட்டால் அவருடைய 10 பவுண்டு தொண்டு நிறுவனத்துக்கு 12.50 ஆகப் போய்ச் சேரும். ஆனால் அந்த இரண்டரை பவுண்டைப் பெரும்பாலும் உங்கள் இலக்குக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். அந்த இலக்கு ஏன் என்றால், உங்களுக்குத் தரும் இடத்தைத் தொண்டு நிறுவனமும் பந்தயக்காரர்களிடம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறது.

கேள்வி: காய்ச்சலில் இரண்டு வாரம் போய்விட்டது. விட்டதை எப்படிப் பிடிப்பது? (வாசகி, சட்டன்)

பிடிக்காதீர்கள். என் முதல் வருடம் பிப்ரவரியில் இதே மாதிரி காய்ச்சல் வந்து விட்டது, எழுந்த மூன்றாம் நாளே அட்டவணையில் இருக்கிறதே என்று 26 கிலோமீட்டர் ஓடினேன், கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டு அதன்பிறகு மூன்று வாரம் நொண்டினேன். காய்ச்சல் தின்றது ஒரு வாரம், என் அவசரம் தின்றது மூன்று வாரம்.

வெறும் மூக்கடைப்பு, தொண்டை கரகரப்பு என்றால் மெதுவாக ஓடலாம். இருமல் நெஞ்சுக்கு இறங்கினாலோ, காய்ச்சலோ உடம்பு வலியோ இருந்தாலோ படுத்துவிடுங்கள். குணமானதும் விடுபட்ட வாரங்களை அட்டவணையிலிருந்து அடித்துவிட்டு, முதல் வாரம் வழக்கமாக ஓடும் தூரத்தில் பாதி, அப்புறம் மெல்ல ஏற்றுங்கள். 30, 32 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று போதும், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால். அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

கேள்வி: இவ்வளவு குளிரில் பழகிவிட்டு, அன்றைக்கு வெயில் அடித்தால்? (வாசகர், இல்ஃபோர்ட்)

அடிக்கும். 2018இல் பந்தய நாளன்று 24.1 டிகிரி, அந்த ஓட்டத்தின் வரலாற்றிலேயே அதிக வெப்பம். சென்னையில் அதை வெயில் என்றே சொல்லமாட்டோம், ஆனால் நான்கு மாதம் 5 டிகிரியில் ஓடிய உடம்புக்கு அது வெயில்தான். ஊரில் பிறந்தவன் என்ற நம்பிக்கையில் கிளம்பாதீர்கள், பல வருடம் இங்கே இருந்த உடம்பு அதையெல்லாம் மறந்துவிட்டிருக்கும். அன்றைக்கு நினைத்த நேரத்தை மறந்துவிட்டு முதல் கிலோமீட்டரிலிருந்தே மெதுவாகப் போங்கள், தாகம் எடுக்கும்போது குடியுங்கள், பயந்துபோய் ஒவ்வொரு மேசையிலும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றாதீர்கள், ரத்தத்தில் உப்பு குறைந்து மயங்கி விழுபவர்களும் உண்டு. மங்கி குல்லாவை வெம்பிளிக்காரரிடமே விட்டுவிட்டு, முகப்பு வைத்த வெள்ளைத் தொப்பி ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள்.