கிட்டார் பலகைக்கு டிரம் சாண்டரை மட்டம் பார்த்து அமைப்பது எப்படி?

டிரம் சாண்டர் என்பது உப்புத்தாள் சுற்றிய உருளை சுழல, அதற்கு அடியில் ஒரு பெல்ட் பலகையை இழுத்துக்கொண்டு போய்த் தேய்க்கும் இயந்திரம். கேள்வியில் நீங்கள் சொன்னது இது: ஒரு பக்கம் திறந்த (உருளைத் தலையின் ஒரு முனைக்கு மட்டும் தாங்கல் உள்ள) டிரம் சாண்டர், ஒட்டி முடித்த மேல்பலகையை அதில் விட்டால் ஒரு ஓரம் 2.4 மி.மீ., எதிர் ஓரம் 2.8 மி.மீ., பலகையின் இரு முனைகளிலும் பள்ளம், ரோஸ்வுட் விட்டால் கருகல். மூன்றும் வேறு வேறு கோளாறு. ஒன்றாக நினைத்துக்கொண்டு எல்லா போல்ட்டையும் திருகிவிடாதீர்கள்.

முதலில் அந்த 0.4 மி.மீ. பற்றி. தச்சு வேலையில் கால் நூல் அரை நூல் வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் ஒரு நூல் என்பதே சுமார் 3 மி.மீ., அதாவது கிட்டார் மேல்பலகையின் மொத்த கனம். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் 2.4 பக்கத்துக்கு 2.8 பக்கத்தின் விறைப்பில் 63 சதவீதம்தான் இருக்கும். ஒரே பலகையில் இரண்டு வேறு மரங்கள் இருக்கிற மாதிரி. அதனால் இதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது.

உருளைக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை இரு முனையிலும் ஒன்றாக்க, பிளக்கைக் கழற்றிவிட்டு உருளைக்குக் கீழே ஒரு நேரான மரக்கட்டையை வைத்து, ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய உலோகத் தகடு) செருகிப் பார்ப்பதுதான் வழக்கமாகச் சொல்லும் முறை. நானும் அப்படித்தான் தொடங்குவேன், ஆனால் அதை நம்பி நிறுத்த மாட்டேன். உப்புத்தாள் சுற்றி, மோட்டார் ஓடி, மரம் உள்ளே போய் உருளையை மேலே தள்ளும்போது இடைவெளி கொஞ்சம் மாறும், முக்கியமாகத் திறந்த முனையில், ஏனென்றால் அந்தப் பக்கம் தாங்க ஆள் இல்லை. இயந்திரம் மட்டமா என்று மரத்தைத்தான் கேட்க வேண்டும்.

நான் செய்வது இப்படி. நேரான நார் ஓட்டமுள்ள ஒரு கடின மரப் பட்டையை 4 செ.மீ. அகலத்தில் எடுத்து, நடுவில் வெட்டி இரண்டு துண்டாக்குவேன். ஒன்றை உருளையின் உள்முனையில், இன்னொன்றைத் திறந்த முனையில் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவேன். மேல் முகம் முழுக்க பென்சிலால் கிறுக்கிவிட்டு, கோடுகள் அழியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அப்புறம் கைப்பிடியைத் தொடாமல் அதே உயரத்தில் இரண்டு மூன்று முறை விடுவேன், உருளையின் சத்தம் அடங்கும்வரை. பிறகு வெர்னியரில் ஒவ்வொரு துண்டையும் மூன்று இடத்தில் அளப்பேன். வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் துரத்துவதில் பயனில்லை.

திறந்த முனைத் துண்டு மெலிந்து வந்தால் உருளை அங்கே தாழ்ந்திருக்கிறது என்று பொருள். சில இயந்திரங்களில் உருளையின் தலையைத் தூக்க வேண்டும், சிலவற்றில் மேசையை இறக்க வேண்டும், உங்களுடையதில் எது என்று கையேட்டில் பாருங்கள். போல்ட்டைத் தளர்த்தி அரைக்கால் சுற்று மட்டும் திருப்புங்கள். மறுபடி இறுக்கிய பிறகே அளவெடுங்கள். இறுக்கும்போதே தலை சற்று நகர்ந்துவிடும், தளர்வாக இருக்கும்போது சரியாக வந்த அளவு இறுக்கியதும் போய்விடும். இந்த இடத்தில் பொறுமை வேண்டும், எனக்கு ஒரு முழு மாலை ஆனது.

உருளையைவிட அகலமான பலகையை ஒரு முறை விட்டு, திருப்பிப் போட்டு மறுபாதியை விடுவதாக இருந்தால் மட்டும் திறந்த முனையை மயிரிழை அளவு உயர்த்தி வையுங்கள். இல்லையென்றால் நடுவில் படி விழும். கிட்டாருக்கு 40 செ.மீ. உருளையே பெரும்பாலும் போதும், எனவே என்னுடையதை எப்போதும் இணையாகவே வைத்திருக்கிறேன்.

அளப்பதற்கு முன் பெல்ட்டுக்கு அடியிலும் பாருங்கள். மேசைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மரத்தூள் கட்டியாக ஒட்டியிருந்தால் பெல்ட் அங்கே மேடாகி, பலகை அந்த இடத்தில் கூடுதலாகத் தேய்ந்துவிடும். ஒருமுறை உருளையைத் திருகித் திருகி அலுத்துப்போனபின் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தேன், சுண்டைக்காய் விதை அளவு தூள்கட்டி ஒன்று அப்பியிருந்தது. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் இழுவைத் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டு, பெல்ட் பல முறை சுற்றி நிலைக்கும்வரை காத்திருங்கள். உடனே பலன் தெரியவில்லை என்று இன்னும் திருப்பினால் எதிர்ப் பக்கம் ஓடிவிடும்.

முனைப் பள்ளத்துக்குக் காரணம் அழுத்த உருளைகள், அதாவது பலகையைப் பெல்ட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன உருளைகள். பலகையின் தலை ஒரே ஒரு அழுத்த உருளையின் பிடியில் இருக்கும் கணத்திலும், வால் விடுபடும் கணத்திலும் பலகை லேசாகத் தூக்கிக்கொள்ளும், அந்த நேரம் உப்புத்தாள் உருளை ஆழமாகக் கடிக்கும். வெளியேறும் பக்க அழுத்தத்தைக் குறையுங்கள், ஆனால் மிகவும் குறைத்தால் பலகை நழுவி ஒரே இடத்தில் நின்று குழி விழும். நீளமான பலகையை இரு பக்கமும் கையால் மட்டமாகத் தாங்குங்கள். இன்னும் நல்லது, பலகையைத் தேவைக்கு மேல் சில செ.மீ. நீளமாகவே விட்டுவைப்பது. எப்படியும் வடிவத்தில் வெட்டும்போது அந்த முனை போகப்போகிறது.

3 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் பலகையைத் தனியாக விடாதீர்கள். 18 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்றை எடுத்து, அதையே முதலில் ஓரிரு முறை உருளையில் விட்டு மட்டமாக்கி, பின்முனையில் மெல்லிய தடுப்புப் பட்டை ஒட்டி, அதன்மேல் கிட்டார் பலகையை வைத்து விடுங்கள். மெலிந்த பலகை பெல்ட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளையும், எம்.டி.எஃப் மேல் இருந்தால் வளையாது.

இனி கருகல். ரோஸ்வுட்டில் எண்ணெயும் பிசினும் அதிகம், நுண்ணிய தாளில் உடனே அடைத்துக்கொள்ளும். அடைத்த தாள் வெட்டாது, உரசிச் சூடாக்கும். கனம் குறைக்க 80 கிரிட் (எண் கூடினால் தாள் நுண்மையாகும்), கடைசியில் ஓரிரு முறை 120, அதற்கு மேல் நுண்ணிய தாளை நான் ரோஸ்வுட்டுக்குப் போடுவதே இல்லை. ஒரு முறைக்கு 0.1 அல்லது 0.15 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம். கைப்பிடி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இயந்திரத்திலேயே ஒட்டிவையுங்கள். பலகையைச் சற்றே சாய்த்து விட்டால் ஒரே பிசின் கோடு தாளின் ஒரே இடத்தில் விழாது, கடைசி முறையை மட்டும் நேராக விடுங்கள். தாளை அவ்வப்போது ரப்பர் கட்டியால் துடையுங்கள். தூள் உறிஞ்சி இல்லாமல் இந்த இயந்திரத்தை ஓட்டவே கூடாது, தூள் தாளுக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கினாலும் கருகும். ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் கடுமையான ஒவ்வாமை தரும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

தாள் சுற்றும்போது ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் பலகை முழுக்க நேர்கோடாகப் பள்ளம் விழும். புதுத் தாள் முதல் சூட்டில் நீளும், நாலைந்து முறை விட்டபின் நிறுத்தி, தாளின் முனையைப் பிடிக்கும் இழுப்புக் கவ்வியில் மறுபடி இறுக்குங்கள்.

இவ்வளவு சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்தான்) கிட்டாரின் பக்கப் பட்டை ஒன்றை அளக்காமலே வளைக்க எடுத்தேன். மேலோரம் 2.1, கீழோரம் 1.7 இருந்திருக்கிறது. இடுப்பு வளைவில் சூடான இரும்பில் அழுத்தும்போது மெலிந்த ஓரம் முதலில் மடங்கி, 'டக்'கென்று நாரோடு பிளந்தது. ஜோடிப் பட்டை, இரண்டும் ஒரே கட்டையில் அறுத்தது, மாற்று கிடைக்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு கிட்டாருக்கும் முன்னால் அந்த இரண்டு துண்டுகளை விட்டு அளக்காமல் பலகையைத் தொடுவதில்லை.

எந்தப் பலகையானாலும் வேண்டிய கனத்துக்கு 0.2 மி.மீ. முன்பே சாண்டரை நிறுத்திவிடுவேன். மீதி சுரண்டுதகட்டிலும் கையிலும், தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து. 80 கிரிட் கீறல்கள் போகவும் அந்த இடம் வேண்டும்.

உங்கள் 2.4 - 2.8 பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். உருளையைச் சரிசெய்தபின் எம்.டி.எஃப் மேல் வைத்து 2.6 வரை இறக்குங்கள், மெலிந்த ஓரத்தில் உருளை படாது, படவும் வேண்டாம். பிறகு எதிர் ஓரத்தை மட்டும் இழைப்புளியால் 2.4க்குக் கொண்டுவாருங்கள். மேல்பலகையின் விளிம்பை நடுவைவிட மெலிதாக விடுவது பல கிட்டார் செய்பவர்களின் வழக்கம்தான், இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் அது நல்ல பலகையே.