தகுதிச்சுற்று முதலிடம் வீரரின் தரத்தைச் சொல்லுமா?

கேள்வி: மோட்டோஜிபி (மோட்டார் சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப்) பந்தயங்களில் சனிக்கிழமை தகுதிச்சுற்றில் அடிக்கடி முதலிடம் பிடிப்பவரே சிறந்த வீரர் என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். வீரர்களை மதிப்பிடும்போது அதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தரலாம்?
– வாசகர், கோவை

பதில்: பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவுசெய்யும் தகுதிச்சுற்று, ஒரு வீரரின் ஒரே ஒரு திறமையைத்தான் அளக்கிறது. புதிய மென்மையான டயர், குறைந்த எரிபொருள், 15 நிமிட அவகாசம் ஆகியவற்றுக்குள் பிழையில்லாத ஒரு சுற்றை ஓட்டிக் காட்டும் துணிச்சலே அந்தத் திறமை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயமோ நாற்பது நிமிடங்களுக்கு மேல் நீள்வது. எரிபொருள் நிறைந்த கனமான வண்டியில் தொடங்கி, தேயும் டயரைக் கடைசிச் சுற்றுவரை காப்பாற்றிக்கொண்டு, பக்கத்தில் வருபவரோடு மோதாமல் முந்த வேண்டிய வேலை அது.

இதற்கு 2017-ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு டுகாட்டி அணி வீரர் ஆண்ட்ரியா டோவிசியோசோ ஒருமுறைகூடத் தகுதிச்சுற்றில் முதலிடம் பெறவில்லை. ஆனாலும் 6 பந்தயங்களை வென்றார். எட்டு முறை முதலிடத்திலிருந்து புறப்பட்ட மார்க் மார்க்கெஸும் அதே எண்ணிக்கையில், 6 பந்தயங்களைத்தான் வென்றார். ஸ்பெயினின் கட்டலுன்யாவில் 7-ஆம் இடத்திலிருந்தும், மழை பெய்த ஜப்பானின் மொட்டேகியில் 9-ஆம் இடத்திலிருந்தும் புறப்பட்டு டோவிசியோசோ வென்றார். ஆஸ்திரியாவில் முதலிடத்திலிருந்து புறப்பட்ட மார்க்கெஸையே கடைசி வளைவில் எதிர்த்து நின்று தோற்கடித்தார். இறுதியில் 37 புள்ளி வித்தியாசத்தில் மார்க்கெஸ் சாம்பியன் ஆனார் என்பது உண்மைதான். ஆனால் தகுதிச்சுற்றுப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு டோவிசியோசோ அந்தப் போட்டியில் இருந்ததே தெரிந்திருக்காது. டயரை அளந்து செலவிடும் கலையில் அவர் எவ்வளவு பெரியவர் என்பதைக் காட்ட அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 2020-இல் ஜோன் மிர், தகுதிச்சுற்றில் ஒரு முதலிடமும் இல்லாமல், ஒரே ஒரு வெற்றியோடு, இடைவிடாத சீரான ஓட்டத்தால் உலகப் பட்டத்தையே பெற்றார்.

மறுபக்கமும் உண்டு. 2019-இல் அறிமுக வீரர் ஃபாபியோ குவார்ட்டராரோ 6 முறை முதலிடம் பிடித்தும் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. அவரை வெறும் 'ஒரு சுற்று வீரர்' என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஹெரெஸில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது கியர் மாற்றும் பகுதி பழுதாகி விலகினார். மிசானோவிலும் தாய்லாந்திலும் கடைசிச் சுற்றில்தான் மார்க்கெஸிடம் இழந்தார். அந்த வேகம் பொய்யானதல்ல என்பதை 2021-இல் அவர் வென்ற உலகப் பட்டம் நிரூபித்தது. ஆகவே தகுதிச்சுற்றை ஒரு வீரரின் உச்ச வேகத்துக்கான அறிகுறியாக ஏற்கலாம். அப்போதும், அதே வண்டியை ஓட்டும் சக அணி வீரரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நேர்மையானது.

கேள்வி: அப்படியானால் பின்னாலிருந்து புறப்பட்டு முன்னேறுபவர்தான் உயர்ந்தவரா?

பதில்: அதையும் அப்படியே ஏற்க மாட்டேன். பின்னால் நிற்க நேர்ந்த காரணத்தை முதலில் கேட்க வேண்டும். 2015 வலென்சியா இறுதிப் பந்தயத்தில் வாலென்டினோ ரோஸி கடைசி இடத்திலிருந்து புறப்பட்டதற்குக் காரணம், அதற்கு முந்தைய செபாங் பந்தயத்தில் பெற்ற தண்டனை. அங்கிருந்து நான்காவதாக வந்தது மிகப்பெரிய ஓட்டம். ஆயினும் முதலிடத்திலிருந்து புறப்பட்டு வென்ற ஹோர்ஹே லொரென்ஸோ 5 புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைக் கொண்டுபோனார். இன்னொருவர் விழுந்து மஞ்சள் கொடி காட்டப்பட்டதால் சுற்று நேரம் ரத்தாகி, பின்தங்குபவர்களும் உண்டு.

காரணம் எதுவும் இல்லாமல் வாரந்தோறும் நான்காம் வரிசையில் நிற்பவரை மன்னிப்பது இன்று கடினம். காற்றின் விசையால் வண்டியைத் தரையோடு அழுத்தும் காற்றியக்க இறக்கைகள் வந்த பிறகு முந்துவது அரிதாகிவிட்டது. முன்னால் செல்லும் வண்டியை நெருங்கித் தொடர்ந்தால் முன் டயரின் வெப்பமும் காற்றழுத்தமும் ஏறி, பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் குறைகிறது. 2023 முதல் சனிக்கிழமை ஸ்பிரிண்ட் எனும் குறும்பந்தயம், ஞாயிற்றுக்கிழமைப் பிரதான பந்தயம் இரண்டுக்கும் ஒரே தகுதிச்சுற்று வரிசைதான். ஸ்பிரிண்ட் வெற்றிக்கு 12, பிரதான பந்தய வெற்றிக்கு 25 என்று புள்ளிகள் கிடைக்கும் வார இறுதியில், ஒரு மோசமான சுற்று இருமுறை தண்டிக்கிறது. அதனால் டோவிசியோசோவின் 2017 ஓட்டத்தை மனதார மதிக்கும் நானே, இன்றைய வீரர் ஒருவரை எடைபோடும்போது தகுதிச்சுற்றுக்கு அன்றைவிட அதிக மதிப்பெண் தருவேன்.