வேறு கல்லூரியிலிருந்து வந்த ஃபுட்பால் ஆட்டக்காரருக்கு ஆட அனுமதி கிடைக்க ஏன் இவ்வளவு தாமதம்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் கேட்டவரின் அணிக்குப் புதிதாக ஒரு ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர்) வந்திருக்கிறார். ஆகஸ்ட் முகாமில் தினமும் பயிற்சி எடுக்கிறார். ஆனால் முதல் ஆட்டம் நெருங்கியும் "இன்னும் கிளியர் ஆகவில்லை" என்கிறார் கோச். எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம் என்று 2024-லேயே விதியைத் தளர்த்திவிட்டார்களே, பிறகு என்ன தடை?

நான் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில், வெளியிலிருந்து வரும் மாணவர்களின் கிரெடிட்டுகளை (முடித்த பாடங்களுக்கான புள்ளிகளை) சரிபார்க்கும் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தேன். ரசிகர்கள் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வைத் திட்டித் தீர்க்கும்போது, பல சமயம் அந்தக் கோப்பு அதன் தலைமையகம் இருக்கும் இண்டியானாபொலிஸ் பக்கம் போயே இருக்காது. எங்களைப் போல யாராவது ஒருவர் மேசையில்தான் கிடக்கும்.

பள்ளி முடித்து முதல்முறை வருபவரைத்தான் என்.சி.ஏ.ஏ.வின் எலிஜிபிலிட்டி சென்டர் நேரடியாக ஆராயும். ஏற்கெனவே கல்லூரியில் படித்துவிட்டு மாறி வருபவரின் படிப்புத் தகுதிக்குச் சான்று தர வேண்டியது பெரும்பாலும் அவர் சேரும் பல்கலைக்கழகமே. தவறாகச் சான்று கொடுத்து அவர் ஆடிவிட்டால், ஜெயித்த ஆட்டங்களையே பிறகு ரத்து செய்ய வேண்டி வரலாம். அதனால் யாரும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

2024 தளர்வில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு: படிப்பில் தகுதி இருக்க வேண்டும். மூன்றாம் வருடம் தொடங்கும்போது, எடுத்திருக்கும் பட்டத்தில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நான்காம் வருடத்துக்கு 60, ஐந்தாம் வருடத்துக்கு 80. சிக்கல் "எடுத்திருக்கும் பட்டத்தில்" என்ற இடத்தில்தான். 120 கிரெடிட் பட்டம் என்றால் மூன்றாம் வருடத்துக்கு 48 தேவை. பையன் பழைய கல்லூரியில் 60 முடித்திருப்பான். அதில் 52-ஐ நாங்கள் ஏற்போம். ஆனால் அவன் கேட்கும் மேஜருக்குள் (முதன்மைப் பாடத்துக்குள்) அடங்குவது 43 மட்டும் என்றால் ஆட முடியாது. மாறி வரும் ஆட்டக்காரர்கள் பலர் பொதுப் படிப்பு, பல்துறைப் படிப்பு போன்ற மேஜர்களில் சேர்வது இதனால்தான். படிக்க சோம்பேறித்தனம் என்று கிண்டல் செய்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

ஒரு பாடம் எங்கள் பாடத்துக்குச் சமமா என்று முடிவு செய்ய அந்தத் துறைப் பேராசிரியர் சிலபஸைப் பார்க்க வேண்டும். அவர்களில் பலருக்கு ஒன்பது மாதச் சம்பளம். ஆகஸ்ட் நடுவில்தான் ஊர் திரும்புவார்கள். கோச்சுக்கோ முதல் வாரத்திலேயே பதில் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பதினைந்து நாளும் போன் ஓயாது.

இரண்டு வருட ஜூனியர் காலேஜிலிருந்து வருபவர் பாடு இன்னும் இழுபறி. பட்டத்துக்குக் குறையும் ஒன்றிரண்டு பாடங்களைக் கோடையில் ஆன்லைனில் முடிப்பார். கிரேடு வர வேண்டும், பட்டம் பதிவாக வேண்டும், பிறகுதான் ட்ரான்ஸ்கிரிப்ட் கிளம்பும். உடற்பயிற்சி வகுப்புகளை நிறைய எடுத்து கிரெடிட்டை ஏற்றியிருந்தாலும், அதில் இரண்டு கிரெடிட்டுக்கு மேல் கணக்கில் வராது.

என்.சி.ஏ.ஏ.வே இழுத்தடித்த கதைகளும் இல்லாமல் இல்லை. 2019-இல் ப்ராக் ஹாஃப்மன் என்ற ஆட்டக்காரர் உடல்நலம் சரியில்லாத தாய்க்குப் பக்கத்தில் இருக்க கோஸ்டல் கரோலினாவிலிருந்து வர்ஜீனியா டெக்குக்கு மாறினார். வீட்டிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பைக் கல்லூரி ஐந்து மைல் தாண்டியிருந்தது அவருக்கு உடனே ஆடுவதற்கான வெய்வர் (விதிவிலக்கு) மறுக்கப்பட்டதற்கு ஒரு காரணம். 2023-இல் டெஸ் வாக்கர் என்ற ரிசீவரின் விவகாரம் இன்னும் மோசம். கென்ட் ஸ்டேட்டிலிருந்து வட கரோலினாவுக்கு வந்து அவர் ஜனவரியில் சேர்ந்த சில நாளில், இரண்டாம் முறை மாறுபவர்களுக்கான வழிகாட்டுதலை இறுக்கினார்கள். கென்ட் ஸ்டேட்டுக்கு முன் அவர் இருந்த நார்த் கரோலினா சென்ட்ரலில் கோவிடால் 2020 சீசனே நடக்கவில்லை, அவர் அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அப்படியும் செப்டம்பரில் மறுத்தார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி, புதிய தகவல் கிடைத்தது என்று சொல்லி அனுமதித்தார்கள். அதற்குள் நான்கு ஆட்டம் போய்விட்டது. அடுத்த வாரம் மயாமிக்கு எதிராக மூன்று டச்டவுன் அடித்தார். இதற்கு எந்த விளக்கமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த டிசம்பரிலேயே மேற்கு வர்ஜீனியாவில் கூட்டாட்சி நீதிபதி ஜான் பிரஸ்டன் பெய்லி இரண்டாம் முறை மாறுபவர்களுக்கான தடையை நிறுத்திவைத்தார். 2024 தளர்வு அதன் தொடர்ச்சிதான்.

கோச் ஏன் காரணத்தைச் சொல்வதில்லை? மாணவரின் மதிப்பெண் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 1974 முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. "பேப்பர் வேலை போகுது" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் ரிசீவர் இளங்கலை முடித்துவிட்டு முதுகலைக்கு வந்தவர் என்றால் கவலை வேண்டாம். அவருக்குச் சதவீதக் கணக்கே கிடையாது, பட்டம் பதிவான ட்ரான்ஸ்கிரிப்ட் வந்தால் போதும். ஜூனியர் காலேஜ் என்றால் கோடைக் கிரேடுக்குக் காத்திருக்கிறார்கள் என்றே நினைப்பேன். நான்காம் வருடத்துக்காரர், மேஜரையும் மாற்றியிருக்கிறார் என்றால்தான் எனக்குப் பயம். அங்கே குறைவது காகிதமல்ல, கிரெடிட். செப்டம்பரில் யாராலும் அதை உண்டாக்கித் தர முடியாது.